லேன் சரிவரவில்லையா? முதலில் கிரீப்பைப் பாருங்கள்: டோட்டா 2 பிழை நீக்கும் வழிமுறை

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் ஐந்து பேர் கூடி டோட்டா 2 விளையாடுவோம். ஐந்து பேர் கொண்ட இரண்டு அணிகள் மோதும் கணினி ஆட்டம் அது; ஒவ்வொருவரும் ஹீரோ எனப்படும் ஒரு வீரனை ஓட்டுவார்கள். நான்தான் மூத்தவன். ஆட்டம் தோற்று முடிந்ததும் தம்பிமார் சொல்லும் முறைப்பாடு அனேகமாக முதல் பத்து நிமிடத்தைப் பற்றியதாகவே இருக்கும். "அண்ணை, லேன் சரிவரேல்லை." லேன் என்றால் இரண்டு அணிகளின் தளங்களையும் இணைக்கும் மூன்று பாதைகளில் ஒன்று. என்ன சரிவரவில்லை என்று கேட்டால் எடுத்த ஹீரோவைச் சொல்வார்கள், இணையத்தைச் சொல்வார்கள், பக்கத்தில் நின்றவனைச் சொல்வார்கள். லேன் வழியே தானாக நடந்து போய்ச் சண்டையிடும் சிறு படையாளான கிரீப்பை ஒருவரும் சொல்வதில்லை. ஆட்டத்தின் பதிவைத் திரும்ப ஓட்டிப் பார்த்தால், கிரீப் கூட்டம் எங்கே நின்றது என்பதிலேயே பிழை தொடங்கியிருக்கும்.

லேனை எங்கள் ஊர் ஒழுங்கையாக நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஒழுங்கையில் நாய் துரத்துகிறது. உங்கள் வீட்டுப் படலைக்குக் கிட்ட நிற்கும்போது துரத்தினால் ஒரு எட்டில் உள்ளே போய்விடலாம். ஒழுங்கைத் தலைப்பில் வைத்துத் துரத்தினால் கதை வேறு. நாயும் அதேதான், நீங்களும் அதே ஆள்தான். இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. லேனில் உங்கள் பக்கத்தைக் காத்து நிற்கும் கோபுரமான டவர்தான் உங்கள் படலை. அதற்கு எவ்வளவு கிட்டவாகக் கிரீப்கள் முட்டிக்கொள்கின்றனவோ, அவ்வளவுக்கு நீங்கள் பயமில்லாமல் நிற்கலாம்.

கீழே உள்ள முறைப்பாடுகளில் உங்களுடையது எதுவோ அதற்கு நேரே போகலாம். அதற்கு முன் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். முதல் கிரீப் கூட்டம் கடிகாரத்தில் 0:00 ஆகும்போது புறப்படும். பிறகு 30 வினாடிக்கு ஒரு கூட்டம் வரும். நல்லூரில் பூசை மணி எப்படி நேரம் தவறாதோ அப்படி. ஒரு கூட்டத்தில் கிட்ட நின்று அடிக்கும் மெலி கிரீப் மூன்று, தூர நின்று அடிக்கும் ரேஞ்ச் கிரீப் ஒன்று. மெலிக்கு 550 உயிர், ரேஞ்சுக்கு 300. ரேஞ்ச் கிரீப்பைக் கொன்றால் மெலியைவிடக் கூடுதலான தங்கமும் அனுபவமும் கிடைக்கும். 5:00 இல் கட்டடங்களைத் தகர்க்கும் சீஜ் கிரீப் ஒன்று சேர்ந்து வரும், அதன்பின் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை. ஏழரை நிமிடத்துக்கு ஒரு தடவை எல்லாக் கிரீப்களும் கொஞ்சம் பலம் கூடும். இரண்டு பக்கமும் சரிசமம் என்பதால், ஹீரோ யாரும் கை வைக்காவிட்டால் கூட்டங்கள் ஒன்றையொன்று அரைத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்கும். அந்த இடம் நகர்ந்திருந்தால் யாரோ நகர்த்தியிருக்கிறார்கள். அது நீங்களாகவும் இருக்கலாம்.

"நான் அடிக்க முதல் கிரீப் செத்துப் போகுது"

இதுதான் அடிக்கடி கேட்பது. கிரீப்புக்குக் கடைசி அடி யார் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் தங்கம். ஒரு கணம் பிந்தினால் உங்கள் கிரீப்பே அதைக் கொன்றுவிடும், தங்கம் யாருக்கும் இல்லாமல் போய்விடும்.

முதலில் இணையத்தைச் சோதித்து அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுங்கள். ஆட்ட அமைப்பில் பிங்கை, அதாவது சேர்வருக்குப் போய்வர ஆகும் நேரத்தை மில்லிவினாடியில், திரையில் காட்டும் வசதி இருக்கிறது, அதைப் போடுங்கள். எண் 100 என்றால் நீங்கள் சொடுக்கியதன் விளைவு வினாடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தித் தெரிகிறது. அந்த எண் அசையாமல் நின்றால் கை ஒரு கிழமையில் பழகிவிடும். 60, 200, 90 என்று துள்ளினால்தான் உண்மையான தொல்லை. அப்போது வீட்டில் வேறு யார் வீடியோ பார்க்கிறார்கள், கைப்பேசி ஏதும் தானாகப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். வைஃபையை விட்டு வயரில் இணைத்துப் பாருங்கள். இங்கிருந்து இந்திய சேர்வரும் தென்கிழக்காசிய சேர்வரும் இரண்டும் கிடைக்கின்றன. உங்கள் இணைப்புக்கு எது அசையாமல் நிற்கிறதோ அதைத் தெரிவு செய்யுங்கள், எது குறைவு என்று மட்டும் பார்க்க வேண்டாம்.

பிங் சரி என்றால் அடுத்தது ஹீரோவின் கையசைவு. ஒவ்வொரு ஹீரோவும் கையை ஓங்கி அடிக்க எடுக்கும் நேரம் வேறு. ரேஞ்ச் ஹீரோவுக்கு அம்போ குண்டோ பறந்து போய்ச் சேரும் நேரமும் சேரும். ஆகவே கிரீப்பின் இப்போதைய உயிரைப் பார்த்து அடித்தால் பிந்திவிடும். உங்கள் அடி போய்ச் சேரும்போது எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்று பார்த்து அடிக்க வேண்டும். அதற்கு ஒரே வழி, அந்தக் கிரீப்பை உங்கள் பக்கத்துக் கிரீப்கள் எத்தனை அடிக்கின்றன என்று எண்ணுவது. ஒன்றுதான் அடிக்கிறது என்றால் பொறுக்கலாம். மூன்று அடிக்கின்றன என்றால் அதன் உயிர்ப் பட்டை மளமளவென்று இறங்கும், முன்கூட்டியே கை ஓங்க வேண்டும்.

மூன்றாவது காரணம், கீழிருந்து மேட்டுக்கு அடிப்பது. மேட்டில் நிற்பதைத் தாழ்வில் நின்று ரேஞ்ச் ஹீரோ அடித்தால் 25% தவறும். நடு லேனில் ஆற்றுக்குள் நின்று மேலே அடித்துவிட்டு "நல்லாத்தானே அடிச்சன்" என்று சொல்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் அடித்தார்கள். நின்ற இடம்தான் பிழை.

பயிற்சிக்கு, ஆட்களே இல்லாத லொபி (நாமே திறக்கும் தனி ஆட்டம்) ஒன்றைத் திறந்து, சாமான் எதுவும் வாங்காமல் பத்து நிமிடம் கடைசி அடி மட்டும் எடுங்கள். பத்து நிமிடத்தில் ஒரு லேனில் 20 கூட்டம், அதாவது 80 கிரீப்பும் ஒரு சீஜும் புறப்படும். தனியாக நிற்கும்போதே 50 எடுக்க முடியவில்லை என்றால் எதிராளி நிற்கும்போது எப்படி எடுப்பீர்கள்? மெலி ஹீரோ என்றால் உண்மையான ஆட்டத்தில் குவெல்லிங் பிளேட் ஒன்றை முதலே வாங்குங்கள். கிரீப்புக்கு மட்டும் அடியைக் கூட்டித் தரும் சாமான் அது, ரேஞ்ச் ஹீரோவைவிட மெலி ஹீரோவுக்குக் கூடுதலாகத் தரும்.

"லேன் தானாவே முன்னுக்குப் போயிடுது"

தானாகப் போகாது. இதை வாசிக்கும் தம்பி, தங்கை யாராக இருந்தாலும் இந்தப் பகுதியை இரண்டு தடவை வாசியுங்கள். மற்ற நோய்கள் பாதி இதிலிருந்துதான் கிளைவிடுகின்றன.

எந்தப் பக்கத்தில் கிரீப் கூட இருக்கிறதோ அந்தப் பக்கம் முன்னேறும். நீங்கள் எதிரிக் கிரீப்பைச் சும்மா சும்மா அடித்தால் அவை முன்கூட்டியே சாகும். உங்கள் கிரீப்கள் மிஞ்சும். மிஞ்சியவை எதிரி டவரை நோக்கி நடக்கும். நீங்களும் பின்னால் போக வேண்டியிருக்கும். இப்போது நீங்கள் ஒழுங்கைத் தலைப்பில் நிற்கிறீர்கள், எதிரி தன் படலையில் நிற்கிறான்.

இதை அறியாமலே செய்ய வைப்பது ஆட்ட அமைப்பில் உள்ள ஆட்டோ அட்டாக். ஹீரோவைச் சும்மா நிறுத்தினால் பக்கத்தில் உள்ளதை அதுவாக அடிக்கத் தொடங்கும். அமைப்பிற்குள் போய் அதை நெவர் என்று மாற்றுங்கள். எங்கள் விறாந்தையில் ஒரு தம்பி மூன்று மாதமாக லேன் முன்னே போகிறது என்று அழுதுகொண்டிருந்தான். அவனுடைய கணினியில் இது போட்டபடியே கிடந்தது. மாற்றிய அன்றே அவன் ஆட்டம் மாறியது. அந்தச் சந்தோசத்தில் அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணீர் போட்டுத் தந்தது இன்னும் நினைவிருக்கிறது.

அமைப்பும் சரி, ஆனாலும் முன்னே போகிறது என்றால் டினை செய்கிறீர்களா என்று பாருங்கள். உங்கள் கிரீப்பின் உயிர் பாதிக்குக் கீழே போனதும் அதை நீங்களே அடித்துக் கொல்லலாம். எதிரிக்குத் தங்கம் கிடையாது, அனுபவமும் குறைத்துத்தான் கிடைக்கும். அதோடு உங்கள் பக்கத்தில் ஒரு கிரீப் குறைவதால் கூட்டம் உங்கள் டவர்ப் பக்கம் நகரும். புதிதாக விளையாட வருபவர்களுக்குச் சொந்தக் கிரீப்பை அடிப்பது மனதுக்கு ஒவ்வாத காரியம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெங்காயப் பாத்தியில் களை பிடுங்கும்போது சில நல்ல கன்றையும் பிடுங்கி இடைவெளி விடுவார்கள் அல்லவா, அந்தக் கணக்குத்தான்.

ஏற்கெனவே முன்னே போய்விட்ட லேனை என்ன செய்வது? பாதியில் விடாதீர்கள். ஒன்றில் முழுக் கூட்டத்தையும் கெதியாகக் கொன்று உங்கள் கிரீப்களை எதிரி டவருக்குள் தள்ளிவிடுங்கள். டவர் அவற்றைத் தின்று முடிக்கும், அடுத்த கூட்டம் உங்கள் பக்கமாகத் திரும்பி வரும். அல்லது ஒன்றையும் தொடாமல் பின்னே வந்து, டினை மட்டும் செய்துகொண்டு பொறுங்கள். இரண்டுக்கும் நடுவில் தயங்கி நிற்பவன்தான் சாகிறான்.

"எதிராளியை ஒரு அடி அடிச்சால் கிரீப் எல்லாம் என்னட்ட வருது"

கிரீப்புக்குக் கண் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரி ஹீரோவை அடி என்று நீங்கள் கட்டளை கொடுத்த அந்தக் கணமே, உங்களைச் சுற்றி, ஆட்டத்தின் அளவுகோலில் 500 தூரத்துக்குள் நிற்கும் எதிரிக் கிரீப்கள் உங்கள் பக்கம் திரும்பும். அடி பட வேண்டும் என்றில்லை, கட்டளை போதும். விளையாடுபவர்கள் இதை அக்ரோ என்பார்கள்.

நான்கு கிரீப்பும் சேர்ந்து அடித்தால் முதல் லெவலில் அது எதிரி ஹீரோவின் அடியைவிட வலிக்கும். "அவன் எனக்கு அடிச்சதைவிட நான் அவனுக்குக் கூட அடிச்சன், ஆனால் நான்தான் செத்தன்" என்று சொன்னால் நிச்சயம் இதுதான் காரணம். பதிவில் உயிர் எங்கே போனது என்று பாருங்கள், கிரீப் எடுத்ததுதான் பெரிதாக இருக்கும்.

தீர்வு மூன்று. கிரீப்களிலிருந்து விலகி, லேனுக்குப் பக்கவாட்டாக நின்று அடியுங்கள். அல்லது மந்திரத்தால் தாக்குங்கள், ஹீரோவை நோக்கி விடும் மந்திரம் அக்ரோவை இழுக்காது. வைப்பர், ட்ரோ ரேஞ்சர் போன்ற ஹீரோக்களின் அம்பு மந்திரத்தை தானாக ஓடவிடாமல் ஒவ்வொரு தடவையும் கையால் சொடுக்கி விட்டால் அதுவும் அடிக்கட்டளையாக எண்ணப்படாது. கிரீப் பேசாமல் நிற்கும், எதிரி மட்டும் கரைவான். அவர்களை விளையாடுபவர்களில் எத்தனையோ பேர் அதைத் தானாக ஓடவிட்டு இந்தப் பெரிய வரத்தை வீணாக்குகிறார்கள். மூன்றாவது, கிரீப் வந்துவிட்டால் தாக்கும் கீயை அழுத்தி உங்கள் கிரீப் ஒன்றைச் சொடுக்குங்கள். அது முழு உயிரோடு நின்றாலும் பரவாயில்லை. பக்கத்தில் அடிக்க வேறு இலக்கு இருந்தால் எதிரிக் கிரீப்கள் உங்களை விட்டுவிடும்.

சரி, இப்போது இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். கிரீப்பை உங்களிடம் வரவைக்க முடியும் என்றால், வேண்டிய இடத்துக்கு இழுக்கவும் முடியும் அல்லவா? எங்கள் அப்பா இணுவில் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும்போது வாய்க்காலில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டுவார், அவ்வளவுதான், தண்ணீர் அடுத்த பாத்திக்குத் திரும்பிவிடும். அதே போல, கூட்டத்துக்குப் பக்கத்தில் போய் எதிரி ஹீரோவை ஒரு தடவை ரைட் கிளிக் செய்துவிட்டு உடனே பின்னால் நடவுங்கள். எதிரி தூரத்தில் நின்றாலும் பரவாயில்லை, அவன் உங்கள் கண்ணில் தெரிந்தால் போதும். கிரீப்கள் உங்கள் பின்னால் வரும். உங்கள் டவர்ப் பக்கம் கொஞ்சம் இழுத்துவிட்டீர்கள். முக்கியமாக அந்த ரேஞ்ச் கிரீப்பைக் கைக்கெட்டும் தூரத்துக்குக் கொண்டுவர இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு தடவை இழுத்தபின் சுமார் 3 வினாடி பொறுத்துத்தான் மறுபடி இழுக்கலாம், ஆகவே சும்மா சொடுக்கிக்கொண்டே இருக்க வேண்டாம்.

எனக்கு இந்த ஆட்டத்தில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். ஒருவரையும் அடிக்காமல், ஒரு மந்திரமும் விடாமல், ஒரு சொடுக்கில் லேன் முழுவதையும் நகர்த்தலாம். பார்ப்பவருக்கு ஒன்றும் நடந்ததாகவே தெரியாது.

"டவருக்குக் கீழ வந்தால் ஒண்டும் எடுக்கேலாமல் கிடக்கு"

டவரும் கிரீப்பை அடிப்பதால் கணக்குக் குழம்புகிறது. டவரின் ஒரு அடிக்குப் பட்டை எவ்வளவு இறங்குகிறது என்று முதல் கிரீப்பில் கவனியுங்கள். உதாரணத்துக்கு, டவர் ஒரு தடவைக்கு 80 எடுக்கிறது, உங்கள் அடி 50 என்று வைப்போம். கிரீப்பில் 120 மிஞ்சியிருந்தால் டவரின் அடுத்த அடிக்குப் பிறகு 40, அப்போது உங்கள் அடி கொல்லும். 150 மிஞ்சியிருந்தால் டவர் அடித்தபின் 70 நிற்கும், உங்கள் அடி போதாது, அதற்கடுத்த டவர் அடி கொன்றுவிடும். ஆகவே 150 இல் நீங்கள் முதலே ஒரு அடி போட்டுவைக்க வேண்டும். இந்த முன்னடிதான் முழு இரகசியமும். ரேஞ்ச் கிரீப்புக்கு உயிர் குறைவு என்பதால் முன்னடி தேவையா இல்லையா என்று அது வந்து நிற்கும்போதே முடிவெடுங்கள்.

எதிரி டவருக்குக் கிட்ட நிற்கும்போது இன்னொன்று: அதன் எல்லை 700. அதற்குள் நின்று எதிரி ஹீரோவை அடித்தால் டவர் உங்கள் பக்கம் திரும்பும். அப்போதும் தாக்கும் கீயும் சொந்தக் கிரீப்பும்தான் மருந்து. கிரீப் ஒன்று எல்லைக்குள் நின்றால் டவர் அதற்கு மாறிவிடும்.

"அவன் எனக்கு முதல் லெவல் போறான், நானும் லேன்லதான் நிக்கிறன்"

எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள்? கிரீப் சாகும்போது 1500 அளவு தூரத்துக்குள் நின்றால்தான் அனுபவம் சேரும். அடி வாங்கப் பயந்து மரத்துக்குள் பின்வாங்கியவர்கள் இந்தக் கோட்டுக்கு வெளியே போய்விடுகிறார்கள். தங்கம் எடுக்க முடியாத லேனில் கூட, கோட்டுக்குள் நின்று அனுபவத்தையாவது வாங்குங்கள்.

கோட்டுக்குள்தான் நிற்கிறீர்கள் என்றால், எதிரி உங்களைவிட அதிகமாக டினை செய்கிறான். அல்லது நீங்கள் இரண்டு பேர், அவன் ஒருவன். அனுபவம் பக்கத்தில் நிற்பவர்களுக்குள் பங்கிடப்படும். துணைக்கு நிற்பவர் வேலை இல்லாத நேரம் கொஞ்சம் விலகிப் போனால் உங்களுக்கு முழுப் பங்கும் வரும். இதைக் கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. "மச்சான், ஒருக்கா அங்கால போறியா, லெவல் ஆறு எடுக்கவேணும்" என்றால் போதும்.

"புல் பண்ணினன், இன்னும் மோசமாயிட்டு"

காட்டு மிருகத்தைச் சீண்டி லேனுக்கு இழுத்து, உங்கள் கிரீப் கூட்டத்தை அதோடு சண்டைக்கு விடுவது புல். கூட்டம் லேனுக்கு வராது, எதிரிக் கிரீப்கள் தனியாக உங்கள் டவர்ப் பக்கம் வரும்.

மோசமாவதற்குக் காரணம் அனேகமாக நேரம். காட்டு மிருகங்கள் 1:00 க்குத்தான் முதலில் வரும், அதற்கு முன் முகாம் வெறுமை. லேனுக்குக் கிட்டவுள்ள முகாமில் நிமிடத்தின் 15, 45 வினாடியை ஒட்டிச் சீண்டினால் பெரும்பாலும் கூட்டத்தோடு சந்திக்கும். வரைபடம் புதுப்பிக்கப்படும்போது முகாம்கள் இடம் மாறும், ஆகவே புதுப்பிப்பு வந்த அன்றே வெறும் லொபியில் ஒரு தடவை பழகிப் பாருங்கள். பிந்திச் சீண்டினால் பாதிக் கூட்டம் போய்விடும், மீதி மட்டும் திரும்பும்.

நேரம் சரி, ஆனாலும் உங்கள் கூட்டம் மிருகத்தைக் கொன்றுவிட்டு இரண்டு மூன்றாக லேனுக்கு வந்து அடுத்த கூட்டத்தோடு சேர்ந்துகொண்டால், ஒன்றரை மடங்கு கூட்டம் முன்னே தள்ளும். நீங்கள் தடுக்க நினைத்ததே நடந்துவிடும். முகாமில் உயிர் குறைந்த சொந்தக் கிரீப்களை டினை செய்யுங்கள். புல் பண்ணிவிட்டு வேறு வேலை பார்க்கப் போனவர்கள்தான் இந்த முறைப்பாட்டோடு வருகிறார்கள். அதோடு, எதிரிக் கூட்டம் தனியாக வரும் அந்த நேரம் லேனில் நிற்பவருக்குச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். அவர் அதைத் தடுத்துப் பிடிக்க ஆயத்தமாக வேண்டும்.

"டவரை அடிக்கிறம், உயிர் திரும்ப ஏறுது"

உங்கள் கிரீப் பக்கத்தில் இல்லை. முதல் வரிசை டவரைத் தவிர்ந்த மற்றக் கட்டடங்களுக்குப் பின்கதவுக் காப்பு உண்டு. உங்கள் கிரீப் கிட்ட நிற்காத நேரத்தில் அடித்தால் அடி குறையும், இழந்த உயிரும் திரும்ப ஏறும். கூட்டத்தோடு போங்கள், கூட்டம் செத்தால் பின்னே வாருங்கள். வேறு மருந்து இல்லை.

"பராக்ஸ் உடைஞ்ச பிறகு வெளியில வரேலாமல் கிடக்கு"

ஒவ்வொரு லேனுக்கும் உங்கள் தளத்தில் உள்ள பாசறைக் கட்டடங்கள்தான் பராக்ஸ். ஒரு லேனில் உங்கள் மெலி பராக்ஸ் உடைந்தால் அந்த லேனில் எதிரியின் மெலி கிரீப்கள் பலம் கூடிய சூப்பர் கிரீப்கள் ஆகிவிடும். ரேஞ்ச் பராக்ஸ் உடைந்தால் ரேஞ்ச் கிரீப்கள். மூன்று லேனிலும் எல்லாம் உடைந்தால் இன்னும் பலமான மெகா கிரீப். உங்கள் கிரீப்கள் அப்போதும் 30 வினாடிக்கு ஒரு முறை வரும், ஆனால் அந்த லேனில் தாக்குப்பிடிக்காது. லேன் தானாக உங்கள் பக்கம் வந்துகொண்டே இருக்கும், இந்த ஒரு நிலையில் மட்டும் "தானாக" என்ற சொல் சரி.

ஐந்து பேரும் அந்த ஒரு லேனில் காவலுக்கு நிற்காதீர்கள். கூட்டத்தைக் கெதியாகத் துடைக்கக்கூடிய மந்திரம் உள்ள ஒருவர் அங்கே நிற்கட்டும். அவர் ஒரு கூட்டத்தைத் துடைத்தால் அடுத்தது வர அரை நிமிடம் இருக்கிறது. அந்த அரை நிமிடத்துக்குள் மற்ற நால்வரும் உடையாத லேன் இரண்டையும் எதிரிப் பக்கம் தள்ளிவிட்டுத் திரும்ப வேண்டும். அங்கே உங்கள் கிரீப்கள் இன்னும் சரிசமம். அவை எதிரி டவரில் முட்டிக்கொண்டு நிற்கும்வரை எதிரியும் ஒருவரை அனுப்பித்தான் ஆக வேண்டும். போன ஞாயிறு அப்படித்தான் ஒரு லேன் முழுவதும் போன பிறகும் நாற்பது நிமிடம் தாண்டி இழுத்தோம். துடைத்துக்கொண்டு நின்றது, ஆட்டோ அட்டாக்கோடு மூன்று மாதம் அழுத அதே தம்பி.